தொண்ணூறாம் நாளின் கணக்கைச் சொல்லுங்கள்: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மூன்று மாவட்ட ஆட்சியர்களுக்கும், மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களின் அலுவலர்களுக்கும், தோல், காலணி, பொறியியல் ஆலைகளின் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

வேலைவாய்ப்பு முகாம் முடிந்த மறுநாள் செய்தித்தாளில் மூன்று எண்கள் வருகின்றன. எத்தனை நிறுவனங்கள் வந்தன, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், எத்தனை பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. அத்தோடு அந்த முகாமின் பேச்சு அடங்கிவிடுகிறது. ஆணை வாங்கியவர்களில் எத்தனை பேர் ஆலை வாசல்வரை போனார்கள், போனவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்தும் அங்கே வேலை பார்க்கிறார்கள் என்ற கணக்கு பொதுவில் பார்க்கக் கிடைப்பதில்லை. அந்தக் கணக்கை எடுத்துக் காலாண்டுக்கு ஒருமுறை ஊரறியச் சொல்லுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலைய) பயிற்றுநர்கள், ஆலைகளில் ஆளெடுப்பவர்கள், தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள், ஊராட்சிகளிலிருந்து பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பிவைப்பவர்கள் ஆகியோர் சேர்ந்து எழுதும் மடல் இது.

மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. பழைய வட ஆற்காடு 1989இல் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019இல் வேலூர் மறுபடியும் மூன்றானது. ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் பழைய வழியிலேயே போய்வருகிறார்கள். பேர்ணாம்பட்டுப் பெண் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போனால் மாவட்டம் மாறுகிறது. கே.வி.குப்பத்துப் பையன் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனாலும் மாறுகிறது. முகாம் அறிவிப்பும் காலியிடப் பட்டியலும் அந்தந்த மாவட்டத்தோடு நின்றுவிடுவதால், பக்கத்து ஊரில் இருக்கும் வேலை பக்கத்து ஊர்க்காரருக்குத் தெரியாமல் போகிறது. மூன்று மையங்களும் ஒரே காலியிடப் பட்டியலை வாரம் ஒருமுறை ஒட்டினால் செலவு ஏதுமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு பக்கம் ஒட்டும்போது உருதுவிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். தமிழ் எழுதப் படிக்கத் தடுமாறும் தாய்மார்கள்தான் பல வீடுகளில் மகளை வேலைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்கிறார்கள்.

முதலில் எண்ணும் முறையைச் சரிசெய்ய வேண்டும். முகாமில் ஒரு பையன் நான்கு மேசைகளில் ஏறி இறங்கி நான்கு ஆணை வாங்கினால், பதிவேட்டில் அது நான்கு பேருக்கு வேலை என்று ஏறுகிறது. வாசலில் ஒவ்வொருவருக்கும் ஒரே எண் கொடுத்து, எல்லா மேசைகளிலும் அந்த எண்ணையே எழுதச் சொன்னால் இந்தக் குழப்பம் தீரும். அந்த எண்ணோடு இரண்டு கைபேசி எண்களை வாங்க வேண்டும், தன்னுடையது ஒன்று, வீட்டிலிருக்கும் ஒருவருடையது ஒன்று. இளைஞர்கள் சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அம்மாவின் எண் மாறுவதில்லை.

அடுத்தது மேசையில் என்ன சொல்லப்படுகிறது என்பது. "ப்ரொடக்‌ஷன் வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு, பஸ் உண்டு" என்று சொல்லி ஆளெடுத்தால் அவர் பத்தாம் நாள் நின்றுவிடுவார். அவர்மீது பழி போட முடியாது. ஒவ்வொரு மேசையிலும் அரைத்தாள் அளவில் ஓர் அட்டை தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். எந்த எந்திரத்தில் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டுமா, உட்கார்ந்து செய்வதா, ஷிப்ட் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விடுகிறது, இரவு ஷிப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும், ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி உண்டா, கம்பெனி பஸ் எந்தெந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமாக, சம்பளப் பட்டியலில் பெயர் கம்பெனியில் ஏறுமா ஒப்பந்ததாரரிடம் ஏறுமா என்பது தெளிவாக இருக்க வேண்டும். கம்பெனியின் பேனரைக் கட்டிக்கொண்டு ஒப்பந்ததாரரின் ஆள் உட்கார்ந்திருந்தால், முகாம் நடத்துபவர்தான் அதைக் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். பதினெட்டு வயதுப் பெண்ணிடம் அந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

சம்பளத்தைச் சொல்லும் விதத்திலும் ஓர் ஒழுங்கு வேண்டும். 12,000 ரூபாய் என்று மேசையில் சொல்கிறார்கள். முழுத்தொகைக்கும் பி.எஃப். பிடித்தால் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் போகும். ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 90 ரூபாய். கைக்கு 10,470 வரும். கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடித்தால் இன்னும் குறையும். பி.எஃப். தன் பெயரில் சேரும் பணம், அதே அளவுக்கு முதலாளியும் போடுகிறார் என்பதையும், ஈ.எஸ்.ஐ. அட்டையால் தன்னைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் மருத்துவம் உண்டு என்பதையும் அந்த மேசையிலேயே இரண்டு நிமிடம் சொன்னால் அவர் ஏற்றுக்கொள்வார். சொல்லாமல் விட்டால், முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து நின்றுவிடுவார்.

அந்த முதல் சம்பளம்வரை தாக்குப்பிடிப்பதே பலருக்கு முடிவதில்லை. ஜூன் 5ஆம் தேதி சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் ஜூலை 7ஆம் தேதி. இடையில் 32 நாள். பஸ்ஸுக்கும் டீக்கும் நாளைக்கு 60 ரூபாய் என்று வைத்தாலும் 26 வேலை நாளுக்கு 1,560 ரூபாய் கையிலிருந்து போக வேண்டும். தினக்கூலி வீட்டில் அது பெரிய தொகை. கட்டட வேலைக்குப் போனால் அன்று மாலையே காசு கிடைக்கிறது, ஆலைக்குப் போனால் ஒரு மாதம் கழித்து. உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: முதல் மாதம் மட்டும், செய்த வேலைக்கான கூலியில் ஒரு பகுதியை வாரச் சனிக்கிழமை முன்பணமாகக் கொடுங்கள். கூடுதல் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை, கொடுக்க வேண்டியதைக் கொஞ்சம் முன்னால் கொடுக்கிறீர்கள். ஒரு தொழிலாளி பத்தாம் நாள் நின்றுபோனால் உங்களுக்கு ஆகும் நட்டம் இதைவிட அதிகம்.

பேருந்து விஷயத்தில் போக்குவரத்துக் கழகத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் கட்டணமில்லாமல் போகிறார்கள். ஆலை வேலைக்கு வரும் பெண்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பேருந்து எட்டே முக்காலுக்கு சிப்காட் வாசலுக்கு வந்து, ஷிப்ட் எட்டரைக்குத் தொடங்கினால் அந்தச் சலுகை பயனில்லாமல் போகும். மாலையிலும் இதே கதைதான், ஷிப்ட் விடுவதற்குள் ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ் கிளம்பிவிடுகிறது. ஒவ்வொரு தொழிற்பேட்டையும் தன் ஷிப்ட் நேரங்களை ஒரே தாளில் எழுதிக் கிளை மேலாளரிடம் கொடுத்தால், இருக்கிற நடைகளையே கால்மணி நேரம் முன்பின் நகர்த்தி இதைத் தீர்க்கலாம். புதுப் பேருந்து கேட்டு மனுக் கொடுத்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரக்கோணத்திலிருந்து காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டை போகும் ரயில் பாதை நம் தொழில் ஊர்களை நூல் கோர்த்ததுபோல் இணைக்கிறது. ஆலைகள் ஷிப்டை முடிவு செய்யும்போது அந்தப் பாதையின் பாசஞ்சர் நேரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

இனி பயிற்சி. இதில்தான் பணமும் காலமும் அதிகம் வீணாகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை காலணி ஆலைகளுக்கு அதிகம் தேவைப்படுவது அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கத் தெரிந்தவர்கள். நம் ஊர்களில் பெண்களுக்கு அதிகம் நடத்தப்படுவது துணி தையல் வகுப்பு. இரண்டும் தையல்தானே என்று ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். துணி தைக்கும் எந்திரத்தில் தட்டையான மேசைமேல் துணி நகரும். ஷூ அப்பர் வளைந்த பொருள். அதைத் தைக்கத் தூண்போல் எழும்பிய போஸ்ட் பெட் எந்திரம் வேண்டும். துணியை அழுத்தும் பாதத்துக்குப் பதில் சிறு உருளை, தோலை வெட்டி நுழையும் முனையுள்ள ஊசி, தடித்த நூல் என்று எல்லாமே வேறு. துணியில் தையல் கோணினால் பிரித்துவிட்டு மறுபடியும் தைக்கலாம், ஓட்டை தெரியாது. தோலில் ஊசி போன ஓட்டை போனதுதான், அந்தத் துண்டு ரிஜெக்ட். எனவே மூன்று மாதம் துணி தைத்துச் சான்றிதழ் வாங்கிய பெண் ஷூ லைனில் உட்காரும்போது கை நடுங்குகிறது, சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார், அடுத்த வாரம் அந்தப் பெண் வருவதில்லை.

இதற்குச் செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. வகுப்பில் பாதி எந்திரமாவது போஸ்ட் பெட்டாக இருக்க வேண்டும். முதல் நான்கைந்து நாள் நூல் கோர்க்காமல் தாளில் அச்சிட்ட கோடுகளின்மேல் ஊசியை ஓட்டப் பழக்க வேண்டும். நேர்கோடு, பிறகு வளைவு, பிறகு விளிம்பிலிருந்து ஒரே இடைவெளியில் இணைகோடு. ஊசி ஓட்டை கோட்டை விட்டு விலகினால் தாளே காட்டிக்கொடுத்துவிடும், யாரும் திட்ட வேண்டியதில்லை. அதன்பின் வெட்டுத் தோல் துண்டுகளில் நூலோடு. கடைசியாகத்தான் முழு அப்பர். ஆலைக்குள் வந்த பிறகும் முதல் மாதம் லைனில் போடாமல், பத்துப் பதினைந்து எந்திரங்களைத் தனியே ஒதுக்கி மணிக்கணக்கு இலக்கைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். சேர்ந்த மூன்றாம் நாளே பழைய ஆளின் இலக்கைக் கேட்கும் ஆலையில் ஆள் நிற்பதில்லை.

தோலின் விளிம்பைச் சீவி மெலிதாக்கும் ஸ்கைவிங்கையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். அப்பர் தோல் பெரும்பாலும் 1.2 முதல் 1.4 மி.மீ. தடிமனில் வரும். மடிக்கும் விளிம்பைச் சீவாமல் மடித்தால் அந்த இடம் இரட்டைத் தடிமனாகிப் புடைக்கும். அளவுக்கு மீறிச் சீவினால் அப்போது தெரியாது. லாஸ்டிங்கில் தோலை இழுத்து அச்சின்மேல் பொருத்தும்போது அங்கேதான் கிழியும். பிழை செய்தவர் ஓரிடம், ஏச்சு வாங்குபவர் வேறிடம். பயிற்சி பெறுபவர் கட்டிங்கிலிருந்து பினிஷிங்வரை எல்லாப் பிரிவிலும் தலா இரண்டு நாள் நின்று பார்த்தால், தன் கை செய்யும் பிழை எங்கே போய் வெடிக்கிறது என்பது அவருக்கே விளங்கும். டேபிள் ஒர்க்கில் பசை பூசுகிறவர்கள் முதல் வாரமே தலைவலி என்று நிற்பதும் உண்டு. அது சோம்பலென்று தள்ளிவிடாதீர்கள். திறந்த டப்பாவில் பசையை வைத்து, புகைபோக்கி விசிறி இல்லாத மூலையில் உட்கார வைத்தால் யாருக்கும் தலை வலிக்கும். மூடியுள்ள பசைக் குவளையும், மேசைப் பக்கத்திலேயே காற்றை இழுக்கும் விசிறியும் போட்டால் அந்த இடத்தில் ஆள் தங்குவார்.

ராணிப்பேட்டைப் பக்கம் கேட்கும் குறை வேறு. பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையையும் கொதிகலன் வேலைகளையும் நம்பி நிற்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு வெல்டர் கிடைப்பதில்லை என்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு முடித்தவர்கள் வேலை கிடைக்கவில்லை என்கிறார்கள். இரண்டும் உண்மை. ஓராண்டுப் படிப்பில் பிள்ளைகள் அதிகம் பழகுவது தட்டையாகக் கிடக்கும் தகட்டில். பட்டறை கேட்பது 6ஜி, அதாவது 45 பாகையில் சாய்த்து அசையாமல் கட்டிய குழாயைச் சுற்றிவந்து பற்றவைப்பது. கொதிகலன் வேலையென்றால் ஐ.பி.ஆர். எனப்படும் இந்தியக் கொதிகலன் விதிப்படி தகுதித் தேர்வும் வேண்டும். ஒரு பையன் அந்தத் தரத்துக்கு வர எத்தனையோ குழாய் மூட்டுகளைப் போட்டுப் போட்டு அறுத்துப் பார்த்தாக வேண்டும். குழாய்க்கும் வெல்டிங் ராடுக்கும் ஆகும் செலவை ஐ.டி.ஐ.யின் மூலப்பொருள் நிதி தாங்காது.

பட்டறைகளிலோ குழாய் வெட்டுத் துண்டுகள் பழைய இரும்பு விலைக்கு எடைக்குப் போகின்றன. ஒரு சாண் நீளத் துண்டு இரண்டு இருந்தால் ஒரு மூட்டுப் பழகிவிடலாம். மாதம் ஒருமுறை விட்டம் வாரியாகப் பிரித்து, டெலிவரி சலான் போட்டுப் பக்கத்து ஐ.டி.ஐ.க்கு அனுப்புங்கள். வரிக் கணக்கில் அதை எப்படிக் காட்டுவது என்று உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டு ஒரு கடிதம் வாங்கி வைத்துவிட்டால் ஸ்டோர்ஸில் யாரும் தயங்கமாட்டார்கள். தோல் ஆலைகளும் வெட்டுத் துண்டுகளை இதேபோல் தையல் பயிற்சிக்குக் கொடுக்கலாம். ஐ.டி.ஐ.க்களின் பக்கமும் ஒரு வேலை உண்டு. 7018 வகை ராடை அடுப்பில் உலர்த்தாமல் பயன்படுத்தினால் ஈரத்தால் மூட்டில் ஓட்டை விழும், பின்னால் விரிசலும் வரும். அந்தப் பழக்கத்தைப் படிக்கும்போதே ஊட்டாவிட்டால் பட்டறையின் எக்ஸ்ரே சோதனையில் முதல் நாளே தோற்றுத் திரும்புவார்கள். ஃபிட்டர், டர்னர் பிள்ளைகளுக்கு முகாமிலேயே ஒரு வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்து 0.02 மி.மீ. அளவில் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் யாருக்கு என்ன பயிற்சி தேவை என்று தெரிந்துவிடும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பதால் இது தெரியாது.

தொழிற்பழகுநர் சட்டம் 1961லிருந்து இருக்கிறது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 400 பேர் வேலை செய்யும் ஆலை என்றால் குறைந்தது 10, அதிகம் 60. வேலூரைச் சுற்றியுள்ள ஆலைகள் இந்தக் குறைந்த அளவை ஒழுங்காக நிரப்பினாலே பல முகாம்கள் செய்யும் வேலை நடந்துவிடும் என்பது எங்கள் உறுதியான கருத்து. எங்கே தட்டுகிறது என்பதையும் சொல்கிறோம். இணையத்தில் நிறுவனம் ஒப்பந்தத்தை உருவாக்கிவிடும், பையன் தன் கணக்கில் நுழைந்து அதை ஏற்க வேண்டும். பதிவு செய்த கைபேசி எண் பிரவுசிங் சென்டர்காரருடையதாக இருந்தால் ஓ.டி.பி. அங்கே போகும், ஒப்பந்தம் அப்படியே நிற்கும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்காவிட்டால் உதவித்தொகையில் அரசின் பங்கு வந்து சேராது. பல வீடுகளில் ஆதார் வழியாக வரும் பணம் பள்ளிக்கூட நாளில் தொடங்கி மறந்துபோன பழைய கணக்கில் போய் விழுகிறது. நிறுவனம் வருகைப் பதிவையும் உள்மதிப்பீட்டையும் நேரத்தில் ஏற்றாவிட்டால் பழகுநர் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வராது, ஓராண்டு உழைத்தும் தேசியச் சான்றிதழ் இல்லாமல் போகும். மூன்று மையங்களிலும் வாரம் ஒருநாள், புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம், இதற்கென்றே ஒரு மேசை போட்டு ஐ.டி.ஐ. அலுவலர் ஒருவரையும் வங்கி ஊழியர் ஒருவரையும் உட்கார வையுங்கள்.

2019 விதிகள் உதவித்தொகையைப் படிப்புக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய்வரை குறைந்தபட்சமாக வைத்தன. அந்தப் பணத்துக்கு ஆள் கிடைக்கிறார் என்று பெட்டி தூக்கவும் குடோன் கூட்டவும் பழகுநரை வைத்துக்கொள்ளும் ஆலைகளைக் கண்டித்துச் சொல்ல வேண்டும். பழகுநருக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஆனால் வேலையில் காயம்பட்டால் இழப்பீடு கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்று அதே சட்டம் சொல்கிறது. சேரும் நாளில் பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

பிளஸ் டூ முடித்தவர்களிடம் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை. மே மாதம் தேர்வு முடிவு வரும்போது பலருக்கு வயது 17. ஆலைகள் 18 முடியாமல் எடுப்பதில்லை, அபாயமான வேலைகளில் எடுக்கவும் கூடாது. இந்த ஆறேழு மாதத்தில்தான் பையன்கள் லோடு வேலைக்கும் கேட்டரிங்குக்கும் போய் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். பெண்களுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். தலைமையாசிரியர்கள் ஏப்ரலிலேயே 18 நிறையாதவர்களின் பட்டியலை எடுத்துக் கொடுத்தால், அவர்களை ஐ.டி.ஐ. சேர்க்கைக்கும், அபாயமில்லாத பிரிவுகளில் பழகுநர் பயிற்சிக்கும் நேரடியாக அழைக்கலாம். ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னொரு 1,000 ரூபாய் உண்டு. இரண்டையும் கூட்டிச் சொன்னால் வீட்டில் யோசிப்பார்கள். அதே பட்டியலை வைத்து மதிப்பெண் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி பொருந்துகிறதா என்று பள்ளியிலேயே சரிபாருங்கள். "எஸ். குமார்" ஓரிடத்தில் "குமார் எஸ்" என்றிருந்தால் பி.எஃப். கணக்குத் தொடங்கும்போது சிக்கும்.

மலைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். பீஞ்சமந்தையிலிருந்தும் ஜவ்வாது மலையின் மற்ற ஊர்களிலிருந்தும் தினமும் இறங்கி ஷிப்டுக்கு வந்து திரும்ப முடியாது. விடுதி இல்லாத வேலையை அவர்களுக்கு அறிவிப்பதில் பொருளில்லை. பெண்களுக்கு வேலூரில் தோழி விடுதி இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றைத் தொழிற்பேட்டைகளுக்கு அருகே அமைக்க வேண்டும். மலை ஊர்களில் முன்பணத்தோடு வந்து நிற்பவர் செம்மரம் வெட்ட ஆள் கூட்டும் தரகர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். மலைக்கு முகாம் போகும்போது ஆலையின் ஆள் நேரில் வர வேண்டும், விடுதியின் படங்களைக் காட்ட வேண்டும், கிளம்பும் நாளுக்கான வண்டிக்கும் முதல் மாதச் சாப்பாட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும். பனப்பாக்கம் சிப்காட்டில் டாடா மோட்டார்ஸும் பெரிய காலணி ஆலையும் வருகின்றன. குடியாத்தத்திலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ அங்கே தினமும் போய்வரும் தூரமில்லை. விடுதிகளை இப்போதே திட்டமிடாவிட்டால் அந்த வேலைகள் இந்த ஊர்களுக்கு எட்டாது. உள்ளூர் ஆட்கள் நிற்பதில்லை, வடமாநிலத்தவர் நிற்கிறார்கள் என்று உரிமையாளர்கள் சொல்வதுண்டு. வடமாநிலத்தவருக்குத் தங்குமிடமும் சமையலுக்கு இடமும் வாரச் செலவுக்குப் பணமும் முதல் நாளே தரப்படுகின்றன. அதே மூன்றையும் நம் பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பாருங்கள்.

மருத்துவமனைகள் நிறைந்த ஊர் இது. அதனாலேயே நர்சிங் என்று சொல்லிப் பணம் வாங்கும் இடங்களும் அதிகம். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் அங்கீகாரம் இல்லாத ஓராண்டுச் சான்றிதழை வைத்துக்கொண்டு செவிலியராகப் பதிவுசெய்ய முடியாது. பள்ளிகளின் தகவல் பலகையில் அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பட்டியலை ஒட்டினால் பல குடும்பங்களின் சேமிப்பு தப்பும். வெளிநாட்டு வேலையும் அப்படித்தான். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்கில் கேட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம், மாநில அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தில் முதலில் பதியுங்கள் என்று முகாமில் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

தொண்ணூறு நாள் கணக்கை எப்படி எடுப்பது? சேர்ந்தவர்களை மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள் என்று நான்குமுறை அழைக்க வேண்டும். ஒரு முகாமில் 200 பேர் சேர்ந்தால் 800 அழைப்பு. ஒருவர் நாளைக்கு 40 அழைப்பு பேசினால் 20 வேலை நாள். மூன்று மாதத்தில் பரவிக் கிடக்கும் இந்த வேலைக்கு ஒரு மாவட்டத்துக்கு ஒரே ஆள் போதும். மூன்றாம் நாள் அழைப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. அந்த நாளில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒரு போனில் தீரக்கூடியதாக இருக்கும்: பஸ் நிற்கவில்லை, அடையாள அட்டை தரவில்லை, சொன்ன பிரிவில் போடவில்லை. நின்றுவிட்டவரிடம் காரணம் கேட்டு ஆறு தலைப்பில் ஒன்றில் எழுதினால் போதும்: போக்குவரத்து, சொன்ன சம்பளம் வேறு, வேலைச் சிரமம் அல்லது உடல்நலம், வீட்டுச் சூழல், மேற்படிப்பு, வேறு நல்ல வேலை. கடைசி இரண்டையும் தோல்வியாக எண்ணக் கூடாது. கேட்பவர் ஆலையின் ஆளாக இருக்கவும் கூடாது, இருந்தால் உண்மை வராது. ஆலை தரும் பி.எஃப். சந்தாப் பட்டியலோடு ஒப்பிட்டால் சொன்னது சரிதானா என்றும் தெரிந்துவிடும். முதல் இரண்டு காலாண்டு ஆலைகளின் பெயரை வெளியிடாமல் தொழில்வாரியாக மட்டும் எண்ணைச் சொல்லலாம். அதற்குள் திருத்திக்கொள்ள எல்லோருக்கும் நேரம் கிடைக்கும். மூன்றாம் காலாண்டிலிருந்து பெயரோடு வரட்டும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு இறக்குமதி வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது அந்த அடி ஆம்பூர் ஏற்றுமதியாளர்களையும் தாக்கியது. ஆர்டர் குறையும்போது முதலில் வெளியே அனுப்பப்படுபவர் கடைசியாகச் சேர்ந்தவர். அப்படி நிறுத்தப்படுபவர்களின் பெயரை ஆலைகள் அந்த வாரமே மையத்துக்குத் தெரிவித்தால், போஸ்ட் பெட் பழகிய கை வேறு ஆலையின் காலியிடத்துக்குப் போய்ச் சேரும். தெரிவிக்காவிட்டால் கற்ற வேலையை விட்டுவிட்டு அவர் பீடி சுற்றப் போய்விடுவார்.

முகாம் தேதி குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வைகாசி முதல் வாரத்தில் குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழா, ரம்ஜானுக்கு முந்தைய பத்து நாள், பொங்கல் வாரம் ஆகியவற்றில் வைத்தால் கூட்டமும் வராது, சேர்ந்தவர்களும் பண்டிகை முடிந்து திரும்பமாட்டார்கள். ஜூன் இரண்டாம் வாரமும், ஐ.டி.ஐ. தேர்வு முடிந்த அடுத்த வாரமும் நல்ல காலம்.

மேசை அட்டையின் மாதிரியையும் அழைப்புப் பதிவேட்டின் மாதிரியையும் ஒரு பக்கத்துக்கு ஒன்றாகத் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறோம். அடுத்த மாவட்டத் திறன் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் மூன்று மாவட்டங்களுக்கும் நேரில் வந்து கொடுத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்கிறோம். அடுத்த முகாமின் அறிவிப்பு அச்சுக்குப் போவதற்கு முன் அந்தக் கூட்டம் நடந்தால், அந்த முகாமிலிருந்தே கணக்கைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் பயிற்றுநர்கள், ஆளெடுப்புப் பணியாளர்கள், ஊராட்சி வழிகாட்டிகள்